எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தந்த அக்காவுக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள நம் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு மக்களே, பங்குக்கு வெளியே இருந்து கைகொடுத்தவர்களே,

நம் பிள்ளைகளில் கடைசியாகக் காத்திருந்தவருக்கும் கல்லூரியில் இடம் உறுதியாகிவிட்டது. சான்றிதழ்களில் பெயர் பொருந்தாமல் விண்ணப்பங்கள் சிக்கி நின்ற அந்த மே மாதம் எப்படிக் கழிந்தது என்று ஊருக்கே தெரியும். அதைத் திரும்பச் சொல்லி யாரையும் நோகடிக்க வேண்டாம். இடிந்துபோய் உட்கார்ந்திருந்த நேரத்தில் யார் யார் வந்து தோள்கொடுத்தார்கள் என்பது மட்டும் மறந்துவிடக் கூடாது. அதற்காகவே இந்த மடல்.

முதல் நன்றி, பேருந்து நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடையும் இ-சேவை மையமும் நடத்தும் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவர் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்றை அதற்கு முன் கையில் எடுத்துப் பார்த்தவரும் அல்லர். ஆனாலும் நம் பிள்ளைகளின் தாள்கள் எந்த இடத்தில் சிக்குகின்றன என்று சரியாகப் பிடித்தவர் அவர்தான்.

பார்க்கப்போனால் அவர் செய்தது சின்ன வேலை. நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். பிள்ளைக்கு ஒரு பக்கம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், டி.சி., ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், ஞானஸ்நானச் சான்றிதழ் என்று எழுதினார். குறுக்கே பெயர், இனிஷியல், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி என்று கட்டம் போட்டார். பிறகு பிள்ளையை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு தாளிலும் விரல் வைத்து ஆங்கில எழுத்துகளை ஒன்றொன்றாகச் சொல்லச் சொன்னார். பெயராகச் சேர்த்து வாசிக்க விடவில்லை. சேர்த்து வாசித்தால், இல்லாத எழுத்தையும் கண் இருப்பதாகக் காட்டிவிடும். பிள்ளை சொல்லச் சொல்ல இவர் கட்டத்துக்குள் எழுதுவார். மாறி வந்த எழுத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவார். ஒரு பக்கம் முடிய நல்ல அரை மணி நேரம் ஆகும். இதற்கு அவர் பத்துப் பைசா வாங்கவில்லை. கடையில் கூட்டம் நிற்கும்போது செய்தால் தப்பு வரும் என்று, மாலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சிவப்பு வட்டம் இல்லாத பக்கம் அந்த நோட்டில் அரிது. காரணம், நம் வீடுகளில் பெயர் வைக்கும் வழக்கத்திலேயே இருக்கிறது. ஞானஸ்நானத்தில் புனிதரின் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று. பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனவர் மாமாவாக இருந்தால் அவர் வாயில் வந்தது பதிவேட்டில் ஏறியிருக்கும். அந்தோணி ஒரு தாளில் 'எச்' சேர்த்து, இன்னொன்றில் சேர்க்காமல். கடைசி எழுத்து ஓரிடத்தில் 'ஒய்', ஓரிடத்தில் 'ஐ'. ஆரோக்கியத்துக்கு ஒரு தாளில் 'சி, கே' இரண்டும், மற்றொன்றில் வெறும் 'கே'. ஆதார் எடுக்கும்போது இனிஷியலை விரித்து அப்பாவின் முழுப்பெயரைப் பின்னால் ஒட்டியிருப்பார்கள். மதிப்பெண் சான்றிதழில் முன்னால் ஒற்றை எழுத்துதான் நிற்கும். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒரே பிள்ளைதான். விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் இடத்தில் அது இரண்டு ஆளாகிவிடுகிறது.

எதை எதற்கேற்பத் திருத்துவது என்பதிலும் அக்கா வைத்த ஒழுங்குதான் காப்பாற்றியது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டார். அதைத் திருத்த வேண்டுமானால் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம்வரை போக வேண்டும். சேர்க்கை நேரத்துக்குள் முடிகிற காரியம் இல்லை. ஆகவே மற்றவை எல்லாம் அதற்குப் பொருந்தி வர வேண்டும். முதலில் ஆதார், அதன் பிறகு வங்கிக் கணக்கு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்ற முடியும். பிறந்த தேதியை 1 முறைதான். அவசரத்தில் ஒரு எழுத்தை மட்டும் திருத்திவிட்டு, இனிஷியலுக்காக மறுபடியும் போனால் இருந்த வாய்ப்பு தீர்ந்துவிடும். அதனால், திருத்த வேண்டியது அத்தனையையும் நோட்டில் எழுதி, பெற்றோரும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே ஆதார் மையத்துக்கு அனுப்பினார். ஞானஸ்நானப் பெயரை யாரும் மாற்றப்போவதில்லை. அதற்குப் பங்குத்தந்தை, பதிவேட்டில் உள்ளவரும் பள்ளிச் சான்றிதழில் உள்ளவரும் ஒருவரே என்று தனிக் கடிதம் தந்தார். சிறுபான்மைக் கல்லூரிகளில் கிறிஸ்தவ மாணவருக்கான இடத்துக்கு அந்தக் கடிதம் போதுமானதாக இருந்தது.

இன்னொரு முட்டுக்கட்டை ஓ.டி.பி. சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு இ-சேவையில் விண்ணப்பிக்கும்போது, பதிவு செய்த கைப்பேசிக்குத்தான் எண் வரும். நம் வீடுகளில் அது அப்பாவின் எண். அப்பாவோ ஆழ்கடலில், அல்லது வளைகுடாவில். கரையில் இருக்கும் அம்மாவின் எண்ணை முதலிலேயே பதிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம் என்று வரிசையாக எல்லா வீட்டுக்கும் மாற்றிக் கொடுத்தார். அதன்பின் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), வட்டாட்சியர் அலுவலகம் என்று தாள் எங்கே நிற்கிறது என்பதைத் தினமும் காலையில் பார்த்து, நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்கு அவரே போன் செய்தார். சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

இடஒதுக்கீட்டுக் கட்டத்தை நிரப்பும்போது அவர் காட்டிய பொறுமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே கோயிலில், ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள் தாளில் வெவ்வேறு பிரிவு. கிறிஸ்தவ நாடார் பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்). கிறிஸ்தவ முக்குவர் எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்). கிறிஸ்தவ ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பி.சி. 'கிறிஸ்தவர்' என்று மட்டும் எழுதினால் எந்தப் பிரிவிலும் சேராது. கிறிஸ்தவர்களுக்கென்று 2007-இல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது உண்மை. அதனால் இடங்கள் குறைகின்றன என்று கிறிஸ்தவத் தரப்பே கேட்டுக்கொண்டு 2008-இல் அது திரும்பப் பெறப்பட்டது. பழைய நினைவில் இன்னும் அந்தக் கட்டத்தைத் தேடுகிற பெற்றோர் இருக்கிறார்கள்.

அதிகம் தடுமாறியவர்கள் ஆதிதிராவிட வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் எஸ்.சி. (பட்டியல் சாதி) என்று குறித்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்கும். பி.சி. என்று குறித்துவிட்டு, உதவித்தொகையும் அந்தத் துறையில்தான் என்று நினைத்தால் உரிய பணம் கைவிட்டுப் போகும். சேர்க்கைக்கு பி.சி.; ஆனால் மேற்படிப்பு உதவித்தொகை, கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் என்ற வகையில், ஆதிதிராவிடர் நலத்துறையிலிருந்து. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அந்தப் பணம் ஆதாருடன் இணைந்த கணக்குக்குத்தான் வரும். இரண்டு மூன்று வங்கியில் கணக்கு இருந்தால் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குப் போய் விழும். பிள்ளை வேறு புத்தகத்தை நாள்தோறும் பதிந்து பார்த்துக்கொண்டிருக்கும். இதையெல்லாம் அக்கா அந்தந்தப் பக்கத்தின் அடியில் இரண்டு வரியாக எழுதிக் கொடுத்தார்: எங்கே எந்தப் பெட்டி, எங்கே எந்தத் துறை.

அதை எழுதும்போது ஒரு அப்பா, ஒரே தெருவில் இருந்துகொண்டு கோயிலை வைத்து எங்களை ஏன் பிரிக்கிறார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவரின் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இதை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதால் தீண்டாமை விலகிவிடவில்லை என்பது சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் நம் கல்லறைகளிலேயே தெரியும். இதை நம் பங்கும் சத்தமாகச் சொல்ல வேண்டிய காலம் இது என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

அரசு உதவிபெறும் மிஷன் பள்ளியில் படித்தவர்களுக்கும் அக்காவின் எச்சரிக்கை உதவியது. ஆசிரியருக்கு அரசு சம்பளம் கொடுப்பதால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று நினைத்து, தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் குறித்துவிடுகிறார்கள். அது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மட்டும். அதே சமயம், உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய்க்கு வழி உண்டு. முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்கப்போன தம்பிகள் சிலரிடம், 'உன் கூடப்பிறந்த அக்கா ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்டார், உனக்கு வராது' என்று கடை அக்கா நேரே சொல்லி வீண் அலைச்சலை நிறுத்தினார்.

மற்றவர்களுக்கும் கைகூப்பி நன்றி. பங்குத்தந்தை, கோயில் வரி பாக்கியைக் காரணம் காட்டி ஒருவருடைய கடிதத்தையும் நிறுத்தவில்லை. தவக்காலத்தில் ஒருசந்தி நோன்பு பிடித்துவிட்டுத் தேர்வறையில் தலைசுற்றி விழ வேண்டாம், 18 வயது நிறையாதவரை நோன்பு கட்டாயமில்லை, 14 வயது நிறைந்தவருக்குச் சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) மட்டும்தான் என்று பீடத்திலிருந்தே விளக்கினார். நீட் தேர்வு ஞாயிறு மதியம் 2 மணிக்கு, 1.30-க்குக் கதவு அடைத்துவிடுவார்கள். தொலைவில் மையம் விழுந்தவர்களுக்குச் சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு கடனுக்குப் போதும் என்று சொல்லி மனதை லேசாக்கினார். கழுத்தில் கிடக்கும் சிலுவைச் சங்கிலியை வீட்டிலேயே கழற்றிவைக்கச் சொன்னவரும் அவரே.

பழைய பதிவேடுகளைத் தூசு தட்டித் தேடிய உபதேசியாருக்கு நன்றி. தலைப்பிள்ளைகள் பலருக்கு ஞானஸ்நானம் அம்மாவின் ஊரில் நடந்திருக்கும். சான்றிதழ் அந்தப் பங்கிலிருந்துதான் வர வேண்டும். ஆண்டையும் ஞானப்பெற்றோரின் பெயரையும் கேட்டு வாங்கி அந்தந்தப் பங்குக்குத் தகவல் சொன்னவர் அவர். தேர்வுக் காலம் முழுக்கச் சிலுவைப் பாதைக்கு வெளி ஒலிபெருக்கியை அணைத்துவைத்த கோயில் குழுவுக்கும், இரவில் படிக்கக் கூடத்தைத் திறந்துவிட்டுச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த சிஸ்டர்மாருக்கும், விடுமுறையிலும் வந்து டி.சி. எழுதித் தந்த பள்ளி எழுத்தருக்கும், ஆட்டோக்காரத் தம்பிகளுக்கும் எங்கள் நன்றி.

இனி ஒரு உறுதி. இந்த வேலையை மே மாதத்துக்கு விடப்போவதில்லை. பிளஸ் டூ தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் பள்ளியிலிருந்து போவதற்கு முன்பே பெயரைச் சரிபார்த்துவிட்டால் பின்னால் வரும் தொல்லை பெருமளவு இல்லை. அக்காவின் நோட்டைப் பார்த்து அதே கட்டங்களோடு புது நோட்டுகள் வாங்கியாகிவிட்டது. பங்கின் சிறு குழுவான ஒவ்வோர் அன்பியத்திலும் இருவர் அதை எப்படி நிரப்புவது என்று அவரிடமே கற்றுக்கொள்கிறார்கள்.

இப்போது பிளஸ் டூ சேரும் பிள்ளைகளின் பெற்றோர், ஜூலை முதல் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி அறைக்கு வாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், பெற்றோர் இருவரின் ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் அசலாக வேண்டும். பிள்ளையையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். எழுத்தை விரல் வைத்துச் சொல்ல வேண்டியது அவர்தான்.

நன்றியுடன்,
பங்கு கல்விக் குழுவினர்