அம்மாவுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் அம்மா மறைந்த செய்தி அறிந்து நேரிலும் தொலைபேசியிலும் ஆறுதல் கூறிய அனைவருக்கும், கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் அவரைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் முதற்கண் நன்றி. ஆயினும் இந்த மடலை எழுதத் தூண்டியது அதற்கு வெகுகாலம் முந்திய ஒரு கடன். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அம்மாவுக்குத் துணை நின்றவர்களுக்கு நாங்கள் இதுவரை நன்றி சொன்னதே இல்லை.

அப்பா இல்லாத வீட்டை அம்மா ஒரு தையல் இயந்திரத்தைக் கொண்டே நடத்தினார். பகலெல்லாம் பிறர் துணிகளைத் தைப்பார். எங்கள் துணிகளை நாங்கள் படுத்த பிறகுதான் எடுப்பார். மிதியின் ஓசையிலேயே உறங்கிப் பழகிய எனக்கு, அது நின்றால் விழிப்பு வந்துவிடும். பாபினில் நூல் தீர்ந்திருக்கும், அல்லது ஊசியில் நூல் அறுந்திருக்கும். நூல்நுனியை நாவில் நனைத்து ஊசிக்காதில் கோத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "தூங்கு கண்ணு, இதோ முடிஞ்சிடும்" என்பார்.

எங்கள் பள்ளி உடைகளின் ஓரத்தில் நான்கு விரல் அகலத் துணியை உள்ளே மடித்துத் தைத்திருப்பார். நாங்கள் வளர வளர, பழைய தையலைப் பிளேடு முனையால் ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்து மடிப்பை இறக்கிவிடுவார். உள்ளே இருந்த துணி வெளுக்காமல் இருப்பதால் நிற வேறுபாடு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மீதே இரண்டு வரிசை தையல் ஓட்டி, அது அலங்காரத்துக்காகத் தைத்ததுபோல் ஆக்கிவிடுவார். வகுப்பில் அதே போல வேண்டுமென்று கேட்ட பிள்ளைகளும் உண்டு.

அம்மா யாரிடமும் உதவி கேட்டுப் போனவர் அல்லர். அதை அறிந்து, உதவி என்றே தெரியாத வகையில் உதவியவர்களின் பண்பை இந்த வயதில்தான் உணர்கிறேன். துணி அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டே தையல்கூலியை முன்னதாகத் தந்து சென்ற பெண்கள் அவ்வாறு உதவியவர்கள். தம் பிள்ளைகளை அழைத்துவரப் போகும்போதெல்லாம் எங்களையும் அழைத்துவந்து, வழியில்தானே என்று சொல்லிவிட்ட அடுத்த வீட்டு அத்தையும் அப்படித்தான். தையல் இயந்திரத்தில் கீழ்நூலைக் கோக்கும் ஷட்டில் தேய்ந்து தையல் விட்டுப்போகத் தொடங்கியபோது, மறுநாள் கொடுக்க வேண்டிய துணிகள் குவிந்து கிடப்பதைப் பார்த்த பழுதுபார்க்கும் ஐயா, இரவோடு இரவாகப் பழுதைச் சரிசெய்தார். கூலி பற்றிக் கேட்டதற்கு, தம் சட்டைக்குக் காஜா எடுத்துத் தந்தால் கணக்குச் சரி என்றார். பள்ளி விட்ட பிறகும் என்னைத் தம் அறையில் இருத்திப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியை, நோட்டுகளை அடுக்க ஒரு ஆள் தேவை என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

உங்களுள் சிலர் இன்று இல்லை. அவர்களின் பிள்ளைகள் இந்த நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம். அந்த ஆசிரியை வேறு ஊருக்கு மாறிப்போன பின் தொடர்பு விட்டுப்போயிற்று. அவரை அறிந்தவர்கள் தெரிவித்தால், நேரில் சென்று வணங்கி நன்றி சொல்லக் காத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
அம்மாவின் பிள்ளைகள்