வயலினுக்கு ஒரு நியாயம், ஆர்மோனியத்துக்கு ஒரு நியாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீபோர்டும் கிட்டாரும் கர்நாடக இசைமேடையில் ஏறுவது முறையா என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சில வாரங்களாக நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நம் இசைக்கு நம் கருவிகளே போதும், அந்நியக் கருவிகளால் மரபின் தூய்மை கெடுகிறது என்பதே பெரும்பாலான கடிதங்களின் சாரம். அவற்றுள் ஒன்று வீணை, புல்லாங்குழல், வயலின், மிருதங்கம் என்று நம் கருவிகளை வரிசைப்படுத்தியிருந்தது. அந்த வரிசையில் மூன்றாவதாக நிற்கும் பெயர்தான் என்னை இக்கடிதம் எழுதத் தூண்டியது.

வயலின் நம் இசைக்குள் வந்து 250 ஆண்டுகள்கூட ஆகவில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், மணலி முதலியாரின் ஆதரவில் குடும்பம் வாழ்ந்த காலத்தில், சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். பரதநாட்டியத்தை வகுத்த தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அரசவை வரை கொண்டு சென்றார். மன்னர் சுவாதித் திருநாள் 1834ஆம் ஆண்டில் அவருக்கு யானைத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். முத்துசுவாமி தீட்சிதரே ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தவர். 'சந்ததம் பாஹிமாம்' என்ற அவருடைய பாடல், இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டிலேயே அமைந்தது. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான அவர் பாராத தீட்டை நாம் பார்க்கிறோம்.

அப்படி வந்த வயலின் எவ்வாறு நம்முடையதாயிற்று என்பதுதான் இங்கே பேசப்பட வேண்டியது. மேலை நாட்டார் நின்றும் நாற்காலியில் அமர்ந்தும் வாசிப்பதை நம்மவர்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். கருவியின் தலைப்பகுதியை வலது பாதத்தின் மீது ஊன்றி, இடது கையைத் தாங்கும் வேலையிலிருந்து விடுவித்தார்கள். தந்திகளைப் பாடகரின் சுருதிக்கேற்பச் சட்ஜமும் பஞ்சமமுமாகச் சேர்த்துக்கொண்டார்கள். விடுபட்ட அந்தக் கை தந்தியின் மீது மேலும் கீழும் வழுக்கி ஓடத் தொடங்கியதும், சுரத்தை அசைத்தும் இழைத்தும் ஒலிக்கும் கமகம் அதில் பிறந்தது. மரத்திலும் தந்தியிலும் மாற்றமில்லை; உட்காரும் விதமும் விரல் போகும் விதமும்தான் மாறின.

இதே அளவுகோலைக் கொண்டு ஆர்மோனியத்தைப் பார்த்தால், அதற்கு நேர்ந்தது பாதி நியாயம், பாதி அநியாயம் என்பது என் எண்ணம். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்தது. தாகூரும் அத்தடையை ஆதரித்தார். 1971இல்தான் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. தோடி ராகத்தின் காந்தாரம் (க) ஓரிடத்தில் நிற்கும் சுரமன்று, அசைந்துகொண்டே இருப்பது. கட்டைக்குக் கட்டை வரையறுக்கப்பட்ட ஆர்மோனியத்தால் அந்த அசைவைக் காட்ட முடியாது. இது இசை சார்ந்த காரணம், மறுக்க முடியாதது. ஆனால் அது அந்நியக் கருவி என்ற குற்றச்சாட்டையும் இதனோடு சேர்த்துக் குழப்பியதுதான் தவறு. நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலோடு அவர் அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியத்தைக் கேட்டு மயங்கிய நாடக ரசிகர்கள் யாரும் அதன் ஊரை விசாரிக்கவில்லை.

பின்னர் வந்தவர்களும், கருவி நம் ராகத்தின் அசைவைக் காட்டுமா என்ற இந்தத் தேர்வைத்தான் எழுதினார்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்சார மாண்டலினைக் கைக்கொண்டார். நாகசுரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத் சாக்சபோனை நம் ராகங்களுக்குப் பழக்கப் பல ஆண்டுகள் போராடினார். சதிர் ஆட்டத்துக்கு வாசிக்கும் குழுவான சின்ன மேளத்தில் முன்பே இடம் பிடித்துவிட்ட கிளாரினெட்டில் தனிக் கச்சேரி செய்து பெயர் பெற்ற ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008இல் சென்னை மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி விருது அளித்தது. கீபோர்டும் அதே தேர்வை எழுதட்டும். நான் கேட்டவரையில் தேறியவர்கள் மிகச் சிலரே; ஆனால் அந்தச் சிலர் தேறியிருக்கிறார்கள். (தூய்மையைப் பற்றிப் பேசும் மேடைகளில்கூட மின்சாரத் தம்பூராப் பெட்டிதான் ரீங்கரித்துக்கொண்டிருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

இந்த விவாதத்தில் யாரும் பெயர் சொல்லாத கருவி ஒன்று இருக்கிறது. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சாமரத்தில் கடையப்படும் நாகசுரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் நன்றாகக் காய்ந்த உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்கி அதைச் செய்கிறார்கள். இதைவிட மண்ணின் கருவி வேறொன்று உண்டா? ஆனால் இன்று நாம் கேட்கும் நீளமான பாரி நாகசுரம் தொன்றுதொட்டு அப்படியே வந்ததன்று. முன்னிருந்தது உச்சச் சுருதி கொண்ட குட்டையான திமிரி. அதில் சுத்த மத்திமம் என்ற சுரம் எளிதில் பேசாது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் சேர்ந்து அந்தக் குறையைத் தீர்த்தார்கள். கிராப்புத் தலையும் கோட்டுமாக மேடையேறிய ராஜரத்தினம் பிள்ளை, சுருதிக்காக ஊதப்படும் குழலான ஒத்துக்குப் பதிலாகத் தம்பூராவையும் வைத்துக்கொண்டார். அவருடைய தோடியைக் கேட்டவர்கள் அதை அந்நியம் என்று சொல்லவில்லை. ஆக, இன்று மண்ணின் அடையாளமாக முத்திரை பெற்றிருக்கும் கருவியே சென்ற நூற்றாண்டில் ஒரு வித்துவானும் ஓர் ஆசாரியும் துணிந்து செய்த மாற்றத்தின் விளைவு.

முத்திரை கிடைத்தது, கேட்பவர் கிடைத்தாரா என்பது வேறு. சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டை ராகத்தில் புறப்பாட்டுக்கே உரிய மல்லாரி முழங்கினால் தெருவே நின்று கேட்ட காலத்தைப் பார்த்தவன் நான். இப்போது பல கல்யாண மண்டபங்களில் முகூர்த்த நேரத்துக் கெட்டிமேளம்கூட ஒலிபெருக்கியில் ஓடும் பதிவாகிவிட்டது. சபாக்களிலோ, நாகசுரம் பெரும்பாலும் 'மங்கள இசை' என்ற பெயரில் தொடக்க விழாவுக்கு முன்னால், அழைப்பாளர்கள் வந்து அமர்ந்துகொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் ஒலித்து ஓய்கிறது. தூய்மைக்காகக் கவலைப்படுகிற வாசகர்கள் கிட்டாரை விரட்டுவதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கை இதில் காட்டியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் மார்கழியில் தங்கள் நாளிதழின் இசை விமர்சகரை ஏதேனும் ஒரு சபாவுக்கு அரை மணி முன்னதாக அனுப்பி, அந்த மங்கள இசைக்கும் ஒரு விமர்சனம் எழுதச் சொல்லுங்கள். வாசித்தவரின் பெயரையும், அவர் எடுத்துக்கொண்ட ராகத்தையும், எத்தனை நாற்காலிகள் காலியாக இருந்தன என்பதையும் அதில் சேர்த்தே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.