ஓலைச்சுவடிகளையும் பழைய நாளிதழ்களையும் காக்கும் பெட்டிக்கும் உறைக்கும் உதவி கேட்கிறோம்

ஊர் மக்களுக்கும் வெளியூர்களில் வாழும் நம் உறவுகளுக்கும் நூலகக் குழுவின் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. நம் நூலகத்துக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நனைந்த அச்சுப் புத்தகங்களில் பலவற்றை மறுபடி வாங்கிவிட்டோம். கீழ்த்தட்டில் இருந்த ஓலைச்சுவடிகளையும் பழைய நாளிதழ்த் தொகுப்புகளையும் எந்தக் கடையில் வாங்குவது?

அன்று நாங்கள் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். நனைந்த சுவடிகளை மொட்டைமாடி வெயிலில் பரப்பினோம். மேல்பக்கம் சட்டென்று காய்ந்து சுருங்கியதால் ஓலைகள் வளைந்து, நரம்பு வாக்கில் பிளந்துவிட்டன. காற்றோட்டமான நிழலில், இடையிடையே உறிஞ்சுதாள் வைத்து மெல்ல உலர்த்தியிருக்க வேண்டும். சுற்றியிருந்த சிவப்புத் துணியின் சாயமும் ஓரங்களில் ஊறிவிட்டது. ஒரு மருத்துவச் சுவடியில் நான்கு ஓலைகளை இன்று வாசிக்க முடியவில்லை. அந்த வருத்தம்தான் எங்களை உங்கள் வாசலுக்கு அனுப்பியிருக்கிறது.

ஓலை நம் வீட்டுப் பொருள்தான். அதைக் காக்கும் வழிகளும் நம்மிடமே உண்டு. வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றை இடித்துச் சூடம் சேர்த்துத் துணியில் முடிந்து வைத்தால் பூச்சி அண்டாது. எழுத்தாணியால் கீறிய ஓலை விறைத்துப்போனால் எலுமிச்சைப்புல் எண்ணெய் அதை இளக்கும். மையால் எழுதிய ஓலைக்கு அது ஆகாது. கட்டும் கயிற்றை இறுக்கினால் ஓரம் நறுக்கும்; தளர விட்டால் ஓலைகள் உரசித் தேயும். மேலும் கீழும் ஓலையைவிடச் சற்று அகலமான மரச்சட்டம் இருந்தால் கயிற்றின் அழுத்தத்தைச் சட்டம் தாங்கிக்கொள்ளும். நம்மிடம் உள்ள 41 கட்டுகளில் 9 கட்டுகளுக்குத்தான் சட்டம் இருக்கிறது.

நாளிதழ்களின் நிலை இன்னும் மோசம். மரக்கூழில் செய்த மலிவுத் தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்குகிறது. முன்பு கிழிசல்களுக்கு ஒட்டிய செல்லோடேப்பின் பசை ஊறிப் பழுப்பாகிவிட்டது. உரித்தால் எழுத்தும் சேர்ந்து வருகிறது. இவற்றுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் வேண்டும். அந்தப் பசையை நாளைக்கே ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம் என்பதுதான் அதன் பெருமை. அமிலமில்லாத அட்டைப் பெட்டிகளும், தாள் ஓரம் தொங்காமல் விரித்து வைக்க ஓர் அகலமான மேசையும் தேவை.

"எல்லாவற்றையும் படம் எடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டால் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஏற்றத்தான் போகிறோம். ஆனால் ஒட்டிக்கொண்ட ஓலைகளைப் பிரிக்காமல் படம் எடுக்க முடியாது. பக்குவம் செய்யாமல் பிரித்தால் உடைந்துவிடும். கையுறை பற்றியும் கேட்கிறார்கள். ஓலைக்கும் தாளுக்கும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த வெறும் கையே நல்லது. பருத்திக் கையுறை ஓலைச் சிம்பில் மாட்டிக்கொள்ளும். நம்மிடம் உள்ள புகைப்படக் கண்ணாடித் தகடுகளுக்கு மட்டும் கையுறை வாங்குகிறோம்.

மாடி அறையில் இரும்பு அடுக்குகள், பெட்டிகள், மரச்சட்டங்கள், மேசை, இரண்டு இளைஞர்களுக்குப் பயிற்சிச் செலவு என எல்லாம் சேர்த்து 3,40,000 ரூபாய் ஆகும். குழு உறுப்பினர்கள் 60,000 ரூபாய் போட்டிருக்கிறோம். கல்வெட்டில் பெயர் பொறிக்கும் வேலை இது இல்லை. திறப்பு விழாவும் கிடையாது. நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது தருவோம். மாதக் கணக்கை நூலக வாசலில் ஒட்டுவோம்.

பணம் கொடுக்க இயலாதவர்கள் பலமுறை துவைத்த பழைய வெள்ளை வேட்டிகளைத் தாருங்கள். சாயமும் கஞ்சியும் நீலமும் இல்லாத பருத்தித் துணிதான் சுவடி சுற்றுவதற்கு ஏற்றது. வீட்டுப் பரணில் சுவடிக் கட்டு ஏதும் கிடந்தால் அவிழ்த்துப் பார்க்காதீர்கள், துடைக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். ஒரு பலகையின் மேல் வைத்து அப்படியே எடுத்து வாருங்கள். மாலை 4 மணி முதல் 7 மணி வரை குழுவினர் ஒருவராவது நூலகத்தில் இருப்போம்.