நமது சங்கத்தின் ஆண்டறிக்கை: ஞாயிறு தியானத்தின் முதல் ஆண்டு

கோலார் தங்கவயல் பௌத்தப் பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் நமோ புத்தாய, ஜெய்பீம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் முடிய நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். மே 20 பண்டிதர் அயோத்திதாசர் பிறந்தநாள், புத்த பூர்ணிமா, பாபாசாகேப் அம்பேத்கர் பௌத்தம் ஏற்ற அக்டோபர் 14 தீட்சை நாள், டிசம்பர் 6 அவர் நினைவுநாள் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. பௌர்ணமிதோறும் கூடி, புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும் திரிசரணமும், ஐந்து ஒழுக்க உறுதிகளான பஞ்சசீலமும் சொல்வதும் தடைபடவில்லை. விழாச் செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய வேலை ஞாயிறு காலைத் தியானம்தான். அதைத் தொடங்கும்போது எதிர்ப்பு வந்தது. "சாதியை உதறத்தான் பௌத்தத்துக்கு வந்தோம், கண்ணை மூடி உட்காரவா வந்தோம்?" என்று மூத்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1898இல் பண்டிதர் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிளையை இங்கே தங்கவயல் மாரிகுப்பத்தில் வளர்த்தவர்கள் சுரங்கத்தில் இறங்கி உழைத்த நம் முன்னோர்கள். பின்னாளில் அப்பாதுரையார், பண்டிதர் தொடங்கிய 'தமிழன்' இதழை இங்கிருந்தே நடத்தினார். மானத்தோடு வாழத்தான் அவர்கள் இந்த வழிக்கு வந்தார்கள்.

ஆனால் 1956இல் நாகபுரியில் பாபாசாகேப் தந்த 22 உறுதிமொழிகளில் புத்தர் சொன்ன எண்வழிப் பாதையைப் பின்பற்றுவேன் என்பதும் ஒன்று. அந்த எட்டில் கடைசி இரண்டும், அதாவது விழிப்போடு இருப்பதும் மனத்தை ஒருநிலைப்படுத்துவதும், மனத்தைப் பழக்கும் வேலை. ஆறோடு நின்றுகொள்ள நமக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பொதுக்குழுவும் கடைசியில் சரி என்றது.

ஆனாபானசதி என்ற மூச்சுத் தியானத்தில் தொடங்கினோம். மூச்சை அடக்காமல், எண்ணாமல், வருவதையும் போவதையும் கவனிப்பதுதான் பயிற்சி. முதல் மாதத்திலேயே சிக்கல் வந்தது. நம் ஊரில் பாறைத் தூசு நுரையீரலில் படிந்து, நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும் முன்னாள் தொழிலாளர்கள் எத்தனையோ பேர். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அந்தத் தூசு இன்னும் அவர்கள் நெஞ்சில்தான் இருக்கிறது. மூச்சைக் கவனி என்றால் அவர்களுக்குப் பயம்தான் வருகிறது. நம் ஊர்ச் சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீஃபைச் சேர்ந்த ஒரு பெரியவர் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்புறம் விழிப்போடு இருக்கும் பயிற்சி பற்றிய புத்தர் உரையான சதிபட்டான சூத்திரத்தை எல்லோரும் சேர்ந்து படித்தோம். மூச்சை அடுத்து அதில் வருவது உடலின் நான்கு நிலைகள். நடக்கும்போது நடக்கிறேன் என்று அறி, நிற்கும்போது நிற்கிறேன் என்று அறி, உட்காரும்போதும் படுக்கும்போதும் அப்படியே. மூச்சு சிரமப்படுத்துகிறவர்களுக்கு இதுவே போதும் என்று முடிவு செய்தோம். இப்போது அவர்கள் கூடத்துக்குள் மெதுவாக நடக்கிறார்கள், முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து பாதம் தரையில் படுவதைக் கவனிக்கிறார்கள். வெளியே போன பெரியவர் திரும்பி வந்துவிட்டார். காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சைனைடு மேட்டுத் தூசு கூடத்துக்குள் வருகிறது. அந்தப் பக்கத்து ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடுவதுதான் நான் கேட்கும் முதல் செலவு.

இளைஞர்களின் பாடு வேறு. விடியும் முன்பே பெங்களூரு ரயிலைப் பிடித்து, இரவில் வீடு திரும்புகிறவர்கள் அவர்கள். ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு, அதிலும் வந்து உட்காருகிறார்கள். சிலர் ரயிலிலேயே கொஞ்ச நேரம் பயிற்சி செய்வதாகச் சொன்னார்கள். நெரிசலில் நின்றுகொண்டே செய்கிறார்கள். அதுவும் நான்கு நிலைகளில் ஒன்றுதானே.

தியான ஆசிரியர் கோயங்கா ஐயா 1969இல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கிய பத்து நாள் விபஸ்ஸனா தியானப் பயிற்சிக்கு நம்மில் சிலர் பெங்களூருக்குப் பக்கத்திலுள்ள மையத்துக்குப் போய்வந்தார்கள். தங்குமிடம், சாப்பாடு, பாடம் எதற்கும் கட்டணம் கிடையாது. ஆனால் சேரும் நாளையும் கிளம்பும் நாளையும் கூட்டினால் பன்னிரண்டு நாள் கூலி போகிறது. கைபேசியையும் ஒப்படைத்துவிடுவதால் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் உடனே தெரியாது. தினக்கூலி வீட்டுப் பெண்களுக்கு இது எட்டாத காரியமாகவே இருக்கிறது. போகிறவர் வீட்டுக்கு அந்த நாட்களுக்கான அரிசி, பருப்பு, எண்ணெயைச் சங்கம் தர வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு உறுப்பினர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பிக்குகளுக்குத் தானம் தரும் நாம் நம் சகோதரிகளுக்கும் தரலாம். முதலில் பெண்களுக்கே இடம் என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறேன்.

ஜன்னல் கண்ணாடி, மளிகை உதவி ஆகிய இரண்டு தீர்மானங்களையும் விவாதித்து ஒப்புதல் தரும்படி அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்