மர அஸ்திவாரத்து வீடு

மாப்ள,

உன் புதுமனைப் புகுவிழாப் படங்களுக்கு இன்னும் பதில் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். நானும் இங்கே ஒரு வீட்டோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கனடாவில், இந்த ரெஜைனா ஊரில் வீடு வாங்கியாயிற்று, 1983இல் கட்டியது. சிரிக்காமல் கேள், அஸ்திவாரம் மரம்.

இங்கே வீடே மரத்தில்தான் கட்டுவார்கள், அது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் மண்ணுக்குள் இறங்கும் பேஸ்மென்ட் சுவரும் மரம் என்று ஏஜென்ட் சொன்னதும் எனக்கு நம் ஊர்க் கரையான்தான் ஞாபகம் வந்தது. இந்தக் குளிரில் அந்தப் பயம் இல்லையாம். 1960களிலேயே கனடாவில் இப்படிக் கட்டத் தொடங்கிவிட்டார்கள், இந்தச் சமவெளி மாகாணங்களில் இப்படிப்பட்ட வீடுகள் நிறையவே உண்டு. அடியில் ஜல்லிப் படுகை, அதன்மேல் பலகை, பலகைமேல் நெருக்கமாக நிறுத்திய கட்டைகள், வெளியே பிளைவுட், அதைப் போர்த்திப் பாலிதீன் தாள், அப்புறம் மண். மரத்துக்குள் குரோமியம், செம்பு, ஆர்செனிக் கலந்த மருந்தை அழுத்தி ஏற்றியிருப்பார்கள். ஆர்செனிக் என்றதும் வீட்டில் ஒரே கலவரம். வீடுகளில் டெக் என்கிற வெளி மரத்தளம், ஊஞ்சல் மாதிரி சாமான்களுக்கு அந்த மருந்தை 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள், அஸ்திவாரத்துக்கு மட்டும் இன்னும் அனுமதி இருக்கிறது. சுவரை ஜிப்சம் பலகை மூடியிருக்கிறது, அந்த மரத்தை எரிக்காமல் இருந்தால் சரி என்று வீட்டுக்காரி ஒருவழியாகச் சமாதானம் ஆனாள்.

உண்மையான சிக்கல் மண்ணில் இருக்கிறது. ரெஜைனா களிமண் அப்படியே நம் கோவில்பட்டிக் கரிசல்டா, கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும், வசந்தத்தில் பனி உருகியதும் ஊதிக்கொண்டு சுவரை உள்ளே தள்ளும். மரச்சுவர் அந்தத் தள்ளலைத் தனியாகத் தாங்காது, மேலே இருக்கும் தரையின் உத்தரங்கள்தான் அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அதனால்தான் தரையைப் போட்டு முடிக்காமல் வெளியே மண் நிரப்பக் கூடாது என்கிறார்கள். இப்போது யோசித்துப் பார், சுவரை ஒட்டி நீளமாகப் படிக்கட்டு இறங்கினால் அந்த இடத்தில் தரையே இல்லை, சுவரின் தலையை யார் பிடிப்பது?

எங்கள் வீட்டில் சரியாக அங்கேதான் கோளாறு. வங்கிக்காரர்கள் இன்ஜினியர் சான்று இல்லாமல் கடன் கிடையாது என்றதால் ஒருவரைக் கூட்டிப்போனேன். மனிதர் படிக்கட்டுப் பக்கம் ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தார், சுவர் நடுவில் ஓர் அங்குலத்துக்கு மேல் உள்ளே வந்திருக்கிறது. ஜிப்சம் பலகையில் நாலு இடத்தில் ஓட்டை போட்டு, ஈரமானி வைத்துப் பார்த்து, ஸ்க்ரூடிரைவரால் மரத்தைக் குத்தியும் பார்த்தார். எங்கேயும் மெத்தென்று இறங்கவில்லை, நாற்பது வருஷத்து மரம் கல் மாதிரி இருக்கிறது. "தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு முதல்ல பாரு" என்று நீ சொல்வாயே, அது ஞாபகம் வந்து வெளியே போய்ப் பார்த்தால் கூரைத் தண்ணீர்க் குழாய் நேராக அந்தச் சுவர் மூலையில்தான் கொட்டுகிறது! தண்ணீரைச் சுவரைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விடும் நீட்டுக்குழாயை யாரோ கழற்றி வைத்துவிட்டு மாட்டவே இல்லை போல.

அந்த அறிக்கையைக் காட்டித்தான் விலை பேசினேன், பன்னிரண்டாயிரம் டாலர் இறங்கினார்கள். நீட்டுக்குழாய் மாட்டியாயிற்று. மே மாதம் அந்தப் பக்கத்து மண்ணை எடுத்துவிட்டு, கட்டைகளை இரட்டையாக்கி, படிக்கட்டு ஓரத்தில் குறுக்கே ஒரு கனமான உத்தரம் கொடுக்கப்போகிறோம். அதன் வரைபடத்தை அனுப்புகிறேன், உன் கண்ணில் படாமல் எனக்குத் திருப்தி வராது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், மைனஸ் முப்பதிலும் பேஸ்மென்ட் கதகதப்பாக இருக்கிறது, கட்டைகளுக்கு நடுவிலேயே குளிர் தடுக்கும் பஞ்சு அடைத்திருப்பதால் கான்கிரீட் சுவரின் அந்தச் சில்லிப்பே இல்லை.

அப்புறம், அம்மாவைப் பார்த்தால் அஸ்திவாரப் பேச்சை எடுக்காதே. கான்கிரீட் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்