பணக்காரர்களுக்கு மட்டுமான ஊரா ஓஸ்லோ?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் கோடைப் பயணச் சிறப்பிதழில் வந்த கட்டுரை, பெரும்பணம் இல்லாதவர்கள் நார்வேயின் தலைநகரான ஓஸ்லோவை நினைத்தே பார்க்க வேண்டாம் என்று முடித்துவிட்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. விலைவாசி கடுமைதான். உணவகத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட அந்நாட்டு நாணயத்தில் 200 குரோன் ஆகிவிடும். நம் பணத்தில் ஆயிரத்தைந்நூறு ரூபாயைத் தாண்டும். ஆனால் அந்த ஊரில் பார்க்கவேண்டியவற்றில் பாதி, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் நுழையக்கூடிய பொதுச்சொத்து. கட்டுரை இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

2008இல் திறக்கப்பட்ட ஓப்பரா மாளிகையின் கூரை கடலோரத் தரையிலிருந்தே சரிவாக மேலேறுகிறது. வெண்பளிங்குத் தளத்தில் நடந்தே உச்சிக்குப் போய்விடலாம். மாலையில் உள்ளூர்க்காரர்கள் ரொட்டிப் பொட்டலமும் பிள்ளைகளுமாக அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கீழே கடல் நீர் சரிவின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். சீட்டு கேட்க ஆள் இல்லை, கதவும் இல்லை. எதிரிலேயே டைக்மன் பொது நூலகம். மழை பிடித்துக்கொண்டால் ஒரு பகல் முழுக்க அங்கே இருக்கலாம், யாரும் எழுப்பமாட்டார்கள்.

ஃப்ரோக்னர் பூங்காவில் நார்வே சிற்பி குஸ்தாவ் விகெலாந்தின் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் இரவும் பகலும் திறந்த வெளியில் நிற்கின்றன. ஒரே கருங்கல்லில் 121 மனித உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து ஏறும் தூணை அருகில் நின்று பார்க்கவேண்டும். கோயில் சிற்பங்களில் ஊறிய நம் கண்ணுக்கு அது தனி விருந்து. ஜூனில் இரவு பத்தரை மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், சாப்பிட்டுவிட்டுக்கூடப் போகலாம்.

போக்குவரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கார்டெர்மூன் விமான நிலையத்திலிருந்து நகருக்குச் சிறப்பு விரைவு ரயில் ஒன்று ஓடுகிறது. அதே தண்டவாளத்தில் ‘வீ’ (Vy) என்ற ரயில் நிறுவனத்தின் சாதாரண ரயிலும் ஓடுகிறது. சில நிமிடங்களே கூடுதல், கட்டணமோ ஏறக்குறைய பாதி. நகருக்குள் மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். அதே டிக்கெட்டில் நகராட்சி மாளிகைக்கு எதிரேயுள்ள படகுத்துறையிலிருந்து தீவுகளுக்கும் போகலாம். தனியார் சுற்றுலாப் படகுக்குப் பணத்தைக் கொட்டுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹொவெதோயா தீவு சில நிமிடத் தூரம்தான். 1147இல் ஆங்கிலேயத் துறவிகள் நிறுவிய மடத்தின் இடிபாடுகளும், குளிக்க நல்ல கரையும் அங்கே உண்டு. மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்விடவேண்டும்.

சமையலறையுள்ள தங்குமிடமாகப் பார்ப்பது அவசியம். க்ரோன்லாந்து பகுதிக் கடைகளில் பருப்பு, பச்சைமிளகாய், கொத்தமல்லி எல்லாம் மலிவாகக் கிடைக்கும். பெரிய கடைகள் ஞாயிறன்று மூடிவிடும் என்பதால் சனிக்கிழமையே வாங்கிவைத்துவிடவேண்டும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். பாட்டில் பானம் வாங்கினால், காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டு இரண்டு மூன்று குரோனைத் திரும்பப் பெறலாம். அம்மெருட் பகுதியில் ஈழத்தமிழர்களின் முருகன் கோயில் இருப்பதையும் நம் வாசகர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு குறை. இந்தச் சிறப்பிதழ் மே மாதம் வந்தது. நார்வே உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் காட்டவேண்டும். மே மாதம் படித்துவிட்டு ஜூலையில் போக நினைப்பவருக்கு நேர்காணல் தேதி கிடைப்பதே பாடு. விமான டிக்கெட் விலையும் அதற்குள் ஏறியிருக்கும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போகிறவர்களைத்தான் இந்தத் தாமதம் அதிகம் பாதிக்கிறது. அடுத்த ஆண்டுக் கோடைச் சிறப்பிதழை ஜனவரியிலேயே வெளியிடுங்கள். அதில் விசா, தங்குமிடம், உள்ளூர் டிக்கெட் ஆகியவற்றின் அப்போதைய கட்டணங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

– வாசகி, மதுரை