பாதி இணையத்துக்கு முழுக் கட்டணம்: டிராய் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வீட்டுக் கணினியில் இணையதளங்களை வைத்து நடத்துகிறவன் நான். தென் தமிழ்நாட்டில் ஒரு சிற்றூர். எங்கள் தெரு அச்சகம், நூலக வாசகர் வட்டம், நாட்டு விதை விற்கும் ஒருவர், அரசுப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு தளங்கள் என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. கம்பெனி என்று போர்டு மாட்டும் அளவுக்கு இல்லை. வருஷத்துக்கு ஒரு தொகை தருகிறார்கள். டொமைன் (தளத்தின் பெயர்) புதுப்பித்தது போக மிச்சம் கரண்ட் பில்லுக்குச் சரியாகப் போய்விடும்.

உங்களிடம் ஒரு விதி கேட்டுத்தான் இந்த மடல். வீட்டு பிராட்பேண்ட் விற்கும் நிறுவனங்கள், தாங்கள் கொடுப்பது இரண்டு பக்கமும் போய்வரக்கூடிய இணைப்பா, உள்ளிருந்து வெளியே மட்டும் போகிற இணைப்பா என்பதை விற்கும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் வேண்டும் என்று கேட்கிற வீட்டுக்காரருக்கு, பிசினஸ் பிளான் தலையில் கட்டாமல், கட்டுப்படியாகும் விலையில் கொடுக்க வேண்டும்.

உங்கள் பொறியாளர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். பொதுமக்களும் படிப்பார்கள் என்பதால் விளக்கிவிடுகிறேன். இணையத்தில் ஒருவரை அடைய எண்ணாலான ஒரு முகவரி வேண்டும். பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். நம் நாட்டு மக்கள்தொகை மட்டுமே 140 கோடியைத் தாண்டிவிட்டது. உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டார்கள். அதனால் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை ஏராளமான வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கின்றன. சிஜிநாட் என்று இதற்குப் பெயர். பெரிய அடுக்குமாடியில் எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண், வாசலில் ஒரு வாட்ச்மேன். உள்ளேயிருந்து யார் எதை வாங்கிவரச் சொன்னார்கள் என்று குறித்து வைத்திருப்பார், பொருள் வந்ததும் அந்த வீட்டில் சேர்ப்பார். யாரும் சொல்லாமல் வெளியிலிருந்து ஓர் ஆள் வந்து ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றால், நோட்டில் பெயர் இல்லை, திருப்பி அனுப்பிவிடுவார். என் கணினி எத்தனை நன்றாக ஓடினாலும் விதைக்காரரின் தளத்தைத் தேடி வருகிற ஆள் வாசலோடு திரும்பவேண்டியதுதான்.

உங்கள் வீட்டில் இது இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டருக்குள் போங்கள் (சில ரவுட்டரில் இந்த எண் வேறாக இருக்கும்). வேன் ஐபி (WAN IP) என்ற வரியில் உள்ள எண் 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் அது பங்கு முகவரி. இதற்கென்றே 2012-ல் ஒதுக்கிய எண்வரிசை அது. எந்த விளம்பரத்திலும் எந்த பிளான் அட்டவணையிலும் இந்தத் தகவலை நான் பார்த்ததில்லை.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், எடுக்கும் பெண்ணோடு உரையாடல் இப்படித்தான் போகும்.

“சார், நெட் வருதுங்களா?”

“வருது.”

“ஸ்பீடு வருதுங்களா?”

“அதுவும் வருது. வெளியிலேருந்து உள்ளே வர முடியலை.”

“நெட் வருதுன்னு சொல்றீங்களே சார், அப்புறம் என்ன கம்ப்ளைன்ட்?”

அந்தப் பெண் மேல் தப்பில்லை. அவர் முன்னால் இருக்கும் திரையில் இப்படி ஒரு புகார் வகையே இருக்காது. ஃபைபர் ஒட்ட வருகிற தம்பியிடம் கேட்டால், “அண்ணே, அதெல்லாம் மேல ஆஃபீஸ்லதான். ஸ்டேட்டிக் ஐபி வேணும்னா பிசினஸ் பிளானுக்கு மாறச் சொல்வாங்க” என்பார். மாறினால் மாதக் கட்டணம் எகிறும். என் தேவையோ வெளியிலிருந்து வரக்கூடிய, மாறாத ஒரே ஒரு முகவரி.

அகலக்கற்றை, அதாவது பிராட்பேண்ட், என்றால் என்ன என்று இந்த நாடு எழுதிவைத்த வரையறையை எடுத்துப் பாருங்கள். 2004-ல் 256 கேபிபிஎஸ், 2013-ல் 512 கேபிபிஎஸ், 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ். மூன்றிலும் எண் வளர்ந்திருக்கிறது. மூன்றும் பேசுவது பதிவிறக்கத்தை மட்டும். நாம் அனுப்புகிற வேகம் எவ்வளவு, நம்மை யாராவது தொடர்புகொள்ள முடியுமா என்று ஒரு சொல் கிடையாது. டெலிபோன் கம்பியில் இணையம் வந்த ஏடிஎஸ்எல் காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. அந்தச் செம்புக் கம்பியில் மேலே போகும் வழி குறுகல். இப்போது தெருவுக்குத் தெரு ஃபைபர். வீட்டு ஃபைபருக்கான ஜிபான் முறையில் இறங்குவதற்கு நொடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட், ஏறுவதற்கு 1.25 ஜிகாபிட் என்று ஒரு கண்ணாடி இழையிலேயே இடம் இருக்கிறது. அதைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வது உண்மைதான். அப்படியிருந்தும், வாசகர் வட்டத்தின் தளத்தில் கட்டுரை படிக்கிறவருக்கு அனுப்பவேண்டிய டேட்டா அந்த இழைக்கு ஒரு பொருட்டே அல்ல. வீடியோ காலில் பேசுகிற ஒரு வீடு அதைவிட அதிகம் ஏற்றுகிறது.

வீட்டில் சர்வரா, கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பதுதான். என் சர்வர் திரை உடைந்த ஒரு பழைய லேப்டாப். அதன் பேட்டரியே அதற்கு யுபிஎஸ். மூடியைத் திறந்து சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன், மூடிவைத்தால் சூடேறும். வாட் மீட்டரில் சராசரியாகப் 15 வாட் காட்டுகிறது. இரண்டு மாத பில்லில் 22 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். பழைய டெஸ்க்டாப் 80 வாட் இழுத்தால் அதே இரண்டு மாதத்தில் 115 யூனிட் ஆகும், அதனால்தான் அதை ஓரங்கட்டினேன். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ். கேபிள்காரர் அறையில் பேட்டரி செத்திருந்தால் இத்தனையும் வீண் என்பது வேறு விஷயம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை அறிவிக்கும் நாளில் தளங்கள் விழத்தான் செய்யும். முன்னாள் மாணவர் சங்கத்தின் படத்தொகுப்பு ஒரு நாள் மாலைவரை திறக்காவிட்டால் குடிமுழுகிப் போகாது. மருத்துவமனைத் தளம் கேட்டு வந்தால் நானே வேண்டாம் என்பேன்.

பெரிய இடங்களும் விழாமல் இல்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீக்கிரையானது. தனியாக பேக்கப் வைக்காதவர்கள் டேட்டாவைப் பறிகொடுத்தார்கள். 2025 நவம்பர் 18 அன்று, பல தளங்களுக்கு முன்வாசலாக நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் ஏற்பட்ட கோளாறில் எக்ஸ், சாட்ஜிபிடி உட்படப் பல தளங்கள் சில மணி நேரம் முடங்கின. வீட்டு சர்வர் அவற்றைவிட உறுதி என்று நான் சாதிக்கவில்லை. எல்லோரும் இரண்டு மூன்று கடைகளிலேயே அண்டியிருக்க வேண்டாமே என்கிறேன்.

இப்போது என்னைப் போன்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறோம் என்றால், டனல். வீட்டுக் கணினி வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு தானே இணைப்பு ஏற்படுத்தி வைத்துக்கொள்ளும். பார்வையாளர் அந்த நிறுவனத்தின் வாசலுக்கு வந்து அங்கிருந்து என் வீட்டுக்கு வருவார். இலவசமாகவே கிடைக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் அச்சகக்காரர் தன் தளத்தைப் பார்ப்பதற்கு, கடல்கடந்த ஒரு கம்பெனியின் தயவு வேண்டும். இந்த வகை டனல்களில் பூட்டுச் சாவி பெரும்பாலும் அந்தக் கம்பெனியிடம்தான்; போகிற வருகிற எல்லாவற்றையும் நடுவில் பிரித்துப் பார்க்க அவர்களால் முடியும். டேட்டா நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம், வீட்டுக்குள் இருக்கிற டேட்டாவை நாமே வெளியே அனுப்பிச் சுற்றிவர வைக்கிறோம்.

பாதுகாப்புக்காகத்தான் உள்வழியை மூடிவைத்திருக்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்லும். அதில் பாதி உண்மை. 2016 அக்டோபரில், தளப் பெயர்களுக்கு எண் முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் சேவை நிறுவனமான டைன் (Dyn) மீது நடந்த தாக்குதலுக்குப் பயன்பட்ட மிராய் என்ற நச்சு நிரல், கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துத்தான் படை திரட்டியது. எல்லா வீட்டுக்கும் கதவைத் திறந்துவிடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. மூடியபடியே கொடுங்கள், கேட்கிறவருக்குத் திறந்துவிடுங்கள். குப்பை அஞ்சலுக்குப் பயந்து மெயில் போகும் 25-ஆம் போர்ட்டை (போர்ட் என்பது இணைப்பில் எண்ணிட்ட ஒரு வாசல்) அடைத்திருப்பதை நானே ஆதரிக்கிறேன், மெயில் சர்வரை வீட்டில் வைப்பது தீராத தலைவலி. இணையதளங்களுக்கான 80, 443 இரண்டும் போதும். இன்னொரு பக்கம், பங்கு முகவரியே பாதுகாப்புக்குக் கேடு என்று போலீஸ்காரர்களே சொல்லியிருக்கிறார்கள்: ஒரு முகவரிக்குப் பின்னால் இருக்கும் கூட்டத்தில் குற்றவாளியைப் பிரித்தெடுக்க முடியவில்லை என்று 2017-ல் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் சிஜிநாட்டை ஒழிக்கக் கோரியது.

பொறுப்பு எங்களுக்கும் உண்டு. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று இட்ட உத்தரவு 180 நாள் பதிவுகளைக் காத்துவைக்கச் சொல்கிறது, ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. என் போன்ற சின்ன ஆளுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். பதிவுகளை நான் வைத்திருக்கிறேன்.

முகவரிப் பஞ்சமே இல்லாத புதிய முறையான ஐபிவி6 வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று உங்கள் அதிகாரிகள் நினைக்கக்கூடும். அதன் பயன்பாட்டில் இந்தியா உலகில் முன்வரிசையில் இருப்பது உண்மை. அதைக் கொண்டுவந்தது பெரும்பாலும் செல்போன் வலையமைப்புகள். வீட்டு ஃபைபரில் ஐபிவி6 கிடைத்தாலும் நிறுவனம் பூட்டிக் கொடுக்கும் ரவுட்டரில் உள்வரத்தைத் திறக்கப் பெரும்பாலும் வழி இருப்பதில்லை. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் முகவரியின் முன்பகுதி பல நேரம் மாறிவிடுகிறது. இந்த இரண்டையும் சரிசெய்ய ஒரு நிறுவனத்துக்கு ஆகும் செலவு, இந்த வருஷக் கிரிக்கெட் விளம்பரத்துக்கு அது கொடுத்ததில் தூசாகத்தான் இருக்கும்.

2016 பிப்ரவரியில் நீங்கள் பாகுபாட்டுக் கட்டணத்துக்குத் தடை போட்டபோது நாடே கைதட்டியது. 2017 நவம்பரில் நீங்கள் தந்த இணையச் சமநிலைப் பரிந்துரைகளை 2018-ல் அரசு ஏற்றது. எந்த உள்ளடக்கத்தையும் நிறுவனம் தடுக்கவோ மட்டுப்படுத்தவோ கூடாது என்பது அதன் சாரம். விதைக்காரரின் விலைப்பட்டியலும் உள்ளடக்கம்தானே? அது வாடகை டேட்டா சென்டரில் இருந்தால் தடுக்கக் கூடாது, என் மாடிப்படிக்கு அடியில் இருந்தால் தடுக்கலாம் என்றால் என்ன கணக்கு?

முன்னுதாரணம் வேண்டுமானால் அமெரிக்காவில் இருக்கிறது. கூகுள் ஃபைபர், கன்சாஸ் சிட்டியில் வீட்டு இணைப்பில் சர்வர் ஓட்டக் கூடாது என்று விதி வைத்திருந்தது. ஸ்டான்ஃபோர்ட் வளாக வலையமைப்பில் தேடுபொறியை ஓட்டித் தொழில் தொடங்கியவர்கள் வைத்த விதி இது! சந்தாதாரர் ஒருவர் அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுத்தார். 2013-ல் நிறுவனம் விதியைத் தளர்த்தி, வணிக நோக்கமில்லாத சொந்த சர்வர்களை அனுமதித்தது. எனக்கு அதிலும் ஒரு படி கூடுதலாக வேண்டும்: வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை வாங்குகிறவனையும் வணிகம் என்று ஒதுக்கக் கூடாது. வீட்டில் டியூஷன் எடுக்கிறவர், வீட்டில் தையல் மெஷின் போட்டவர் எல்லோரும் வீட்டு இணைப்பைத்தான் தொழிலுக்கும் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, அகலக்கற்றை பற்றி அடுத்த கலந்தாலோசனைத் தாளை வெளியிடும்போது நான்கு கேள்விகளை அதில் சேர்த்துவிடுங்கள். பிளான் விற்கும் பக்கத்திலேயே முகவரி பொதுவா பங்கா, பதிவேற்ற வேகம் எவ்வளவு, எந்தெந்த போர்ட் அடைப்பு என்று குறிப்பிட வேண்டுமா? வீட்டு பிளானில் பொது ஐபிவி4 முகவரிக்கு உச்சவரம்புக் கட்டணம் வைக்க வேண்டுமா? நிறுவனம் தரும் ரவுட்டரில் ஐபிவி6 உள்வரத்தைத் திறக்கும் சுவிட்ச் சந்தாதாரர் கையில் இருக்க வேண்டுமா? மாறாத ஐபிவி6 முன்பகுதியைக் கேட்பவருக்குத் தர வேண்டுமா? நான்குக்கும் நிறுவனங்கள் என்ன பதில் எழுதுகின்றன என்று பார்ப்போம். தாள் வெளியான வாரமே என் பதிலும் உங்கள் கைக்கு வந்துவிடும். தமிழில் அனுப்பினால் ஏற்பீர்களா என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் சர்வர் வைத்திருக்கும் ஒரு சந்தாதாரர்